காணாத ஒன்றின் கணக்கு

(பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1983ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு வெளியே, பிரான்சு எல்லையை ஒட்டி அமைந்துள்ள செர்ன் ஆய்வகத்தின் அரங்கம் நிரம்பியிருந்தது. இத்தாலிய இயற்பியலறிஞர் கார்லோ ரூபியா பேச எழுந்தார். அவர் தலைமையேற்ற யூஏ1 என்னும் ஆய்வுக்குழுவின் கருவி ஏறத்தாழ நூறு கோடி மோதல்களுக்குச் சாட்சியாக இருந்தது. அவற்றிலிருந்து அவர் எடுத்துக் காட்டியவை ஆறே நிகழ்வுகள். மறுநாள் அதே அரங்கில் யூஏ2 என்னும் மற்றொரு குழுவின் சார்பில் லூயிஜி டி லெல்லா பேசினார். அவர் காட்டியவை நான்கு.

இந்தப் பத்து நிகழ்வுகளில் ஒன்றிலேனும் தேடப்பட்ட துகள் நேரில் தென்படவில்லை. அது பிறந்த இடத்திலேயே சிதைந்துவிட்டது. சிதைவிலிருந்து புறப்பட்ட இரண்டு துகள்களில் ஒன்று மட்டுமே கருவியில் தடம் பதித்தது. மற்றொன்று எதையும் தொடாமல், இரும்பையும் ஈயத்தையும் கடந்து போய்விட்டது. போனதன் அளவைக் கணக்கிட்டு, அக்கணக்கிலிருந்து இறந்துபட்ட துகளின் நிறையைச் சொன்னார்கள். உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

காணாத ஒன்றைப் பற்றிப் பேசுவது கவிஞர்க்குப் புதிதன்று. ஆனால், ‘அது இருக்கிறது, அதன் அளவு இது’ என்று அறுதியிட்டுச் சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்போது வருகிறது என்னும் வினா கவிஞருக்கும் உரியது, அறிவியலாருக்கும் உரியது. மெல்விசைப் போசான்கள் எனப்படும் துகள்களை அளந்த வரலாறு இவ்வினாவுக்கு ஒரு விடையைத் தருகிறது. அவ்விடை எளிதில் கிட்டியதன்று என்பதே இவ்வுரையின் பொருள்.

மெல்விசை

இயற்கையில் அடிப்படை விசைகள் நான்கு என்பர். ஈர்ப்பு விசையையும் மின்காந்த விசையையும் அனைவரும் அறிவர். அணுக்கருவைக் கட்டிக் காப்பது வல்விசை. நான்காவது, வலிமை குறைந்த அணுக்கரு விசை. அதனைச் சுருக்கமாக மெல்விசை எனலாம். பெயரில் மென்மை இருப்பினும் இதன் தொழில் பெரிது. கதிரவனின் நடுவில் இரு புரோட்டான்கள் இணையும்போது அவற்றுள் ஒன்று நியூட்ரானாக மாறவேண்டும். அம்மாற்றத்தைச் செய்வது மெல்விசையே. இவ்விசை மெல்ல இயங்குவதால்தான் கதிரவன் தன் எரிபொருளை ஒரே மூச்சில் எரித்துத் தீர்க்காமல் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் ஒளிர்ந்து வருகிறது.

மண்ணுலகில் இவ்விசை பீட்டாச் சிதைவு என்னும் கதிரியக்கமாக வெளிப்படுகிறது. அணுக்கரு ஒன்று எலெக்ட்ரானை உமிழ்ந்து வேறொரு கருவாகிறது. வெளிவரும் எலெக்ட்ரான்கள் அனைத்தும் ஒரே அளவு ஆற்றலைக் கொண்டிருக்கவேண்டும் என எதிர்பார்த்தனர். 1914இல் ஜேம்ஸ் சாட்விக் அளந்தபோது அவ்வாறு இல்லை. சில எலெக்ட்ரான்கள் மிகுதியாகவும் சில குறைவாகவும் ஆற்றலைக் கொண்டுவந்தன. மீதி ஆற்றல் எங்கே போனது என்பது பதினாறு ஆண்டுகள் விளங்கவில்லை. ஆற்றல் அழியாது என்னும் விதியையே கைவிடலாமா எனச் சிலர் எண்ணத் தலைப்பட்டனர்.

1930ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் வுல்ஃப்காங் பௌலி ஒரு மடல் எழுதினார். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய அறிஞர்களுக்கு அனுப்பப்பட்ட மடல் அது. சூரிச்சில் நடனவிருந்து ஒன்றில் கலந்துகொள்ள வேண்டியிருந்ததால் தம்மால் நேரில் வர இயலவில்லை என்றும் அதில் குறித்திருந்தார். மின்னூட்டமற்ற, கண்டறிதற்கரிய சிறு துகள் ஒன்று எலெக்ட்ரானோடு சேர்ந்து வெளியேறுகிறது என்று கொண்டால் கணக்கு நேராகும் என்பது அவர் கருத்து. என்ரிக்கோ ஃபெர்மி அத்துகளுக்கு நியூட்ரினோ என்னும் பெயரைப் பரவச் செய்தார். இத்தாலிய மொழியில் ‘நடுநிலையான சிறியது’ என்பது அதன் பொருள். ரெய்ன்சும் கோவானும் அதனைச் சோதனையில் உறுதிசெய்தது 1956இல். இருபத்தாறு ஆண்டுகள் அத்துகள் கணக்கேட்டில் மட்டுமே வாழ்ந்தது.

இக்கதையில் சென்னைக்கும் ஓரிடம் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இ. சி. ஜி. சுதர்சன் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மார்ஷக்குடன் ஆராய்ந்து 1957இல் மெல்விசையின் வடிவத்தை வரையறுத்தார். இவ்விசை இடக்கைப் போக்குடைய துகள்களையே தொடுகிறது, வலக்கைப் போக்குடையவற்றைத் தொடுவதில்லை என்பது அவ்வரையறையின் சாரம். ஃபைன்மனும் கெல்மனும் அடுத்த ஆண்டு இதையே வெளியிட்டனர். பின்னாளில், 1980களில், சுதர்சன் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

பெயரும் எதிர்பார்ப்பும்

விசை என்பது ஒரு துகள் மற்றொரு துகளுக்கு அனுப்பும் தூது எனக் கொள்வது இக்கால இயற்பியலின் மரபு. மின்காந்த விசைக்கு ஒளித்துகள் தூது. அவ்வாறாயின் மெல்விசைக்குத் தூது எது? 1961இல் ஷெல்டன் கிளாஷோவும், 1967இல் ஸ்டீவன் வைன்பர்க்கும், 1968இல் அப்துஸ் சலாமும் எழுதிய கட்டுரைகள் மின்காந்த விசையையும் மெல்விசையையும் ஒரே கொள்கையின் இரு முகங்களாகக் காட்டின. அக்கொள்கையின்படி மூன்று தூதுகள் தேவை. நேர்மின்னூட்டம் உடைய டபிள்யூ, எதிர்மின்னூட்டம் உடைய டபிள்யூ, மின்னூட்டமற்ற இசட். இவை போசான் என்னும் இனத்தைச் சார்ந்தவை. 1924இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குத் தம் கட்டுரையை அனுப்பிவைத்த சத்தியேந்திரநாத் போசின் பெயரால் அவ்வினத்துக்குப் பெயரிட்டவர் பால் டிராக்.

ஒளித்துகளுக்கு நிறை இல்லை. டபிள்யூவோ புரோட்டானைப் போல ஏறத்தாழ எண்பத்தைந்து மடங்கு நிறையுடையது. கனமான தூது நெடுந்தொலைவு செல்லாது. மெல்விசை அணுக்கருவினும் சிறிய எல்லைக்குள் அடங்கிப்போவதற்கும், மெலிந்ததாகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே. விசை இயல்பில் மெலிந்ததன்று. தூதின் பாரமே அதனை மெலிவிக்கிறது.

இசட் இருப்பதற்கான முதற்சான்று 1973இல் கிடைத்தது. செர்னில் ஆந்த்ரே லகாரிக் தலைமையில் அமைந்த கார்கமெல் என்னும் குமிழ்க்கலம், நியூட்ரினோ ஒன்று தன் அடையாளம் மாறாமல் பிற துகளைத் தள்ளிச் செல்வதைப் படம்பிடித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலேயின் புதினத்தில் வரும் அரக்கியின் பெயரே கார்கமெல். இலக்கியத்திலிருந்து பெயர் பெற்ற அக்கலம் இன்று ஆய்வகத்தின் தோட்டத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. இவ்வாறு குறிப்பாக உணர்ந்த ஒன்றை நேரடியாக உண்டாக்கி அளக்கவேண்டும் என்பதே அடுத்த பணி.

மோதலுக்கான ஏற்பாடு

டபிள்யூவைப் படைக்கப் பேராற்றல் தேவை. 1976இல் ரூபியாவும் டேவிட் கிளைன், பீட்டர் மக்கின்டயர் ஆகியோரும் ஒரு வழி சொன்னார்கள். இருக்கின்ற முடுக்கி வளையம் ஒன்றிலேயே புரோட்டான்களை ஒரு திசையிலும் எதிர்ப்புரோட்டான்களை மறுதிசையிலும் சுழலவிட்டு நேருக்கு நேர் மோதச் செய்யலாம் என்பது அவ்வழி. இடர்ப்பாடு எதிர்ப்புரோட்டானில் இருந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் புரோட்டான்களை உலோகத்தில் மோதவிட்டால்தான் ஓர் எதிர்ப்புரோட்டான் சேகரிக்கத்தக்கதாகக் கிடைக்கும். கிடைப்பவையும் திசைக்கொன்றாய், விரைவுக்கொன்றாய்ச் சிதறி ஓடும்.

அவற்றை ஒழுங்குபடுத்தியவர் டச்சுப் பொறியியலறிஞர் சைமன் வான் டெர் மீர். வளையத்தின் ஓரிடத்தில் கூட்டத்தின் சராசரி விலகலை ஒரு கருவி உணர்கிறது. அச்செய்தி வளையத்தின் குறுக்கே நேர்வழியில் விரைகிறது. கூட்டம் வளைவைச் சுற்றி வந்து சேர்வதற்குள் செய்தி மறுபுறம் சேர்ந்து, விலகலைத் திருத்தும் சிறு உதை ஒன்று தயாராகிறது. ஒருமுறையில் பயன் சிறிதே. பல மணிநேரம் இலட்சக்கணக்கான முறை இதைச் செய்தால் கலைந்த கூட்டம் செறிந்த கற்றையாகிறது. 1968இல் இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது. 1972இல்தான் எழுதி வெளியிட்டார். நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனையாகவே அவருக்கும் அது முதலில் பட்டது.

1981 சூலையில் முதல் மோதல்கள் நிகழ்ந்தன. மோதலின் மொத்த ஆற்றல் 540 ஜி.இ.வி. ஜி.இ.வி. என்பது நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட்டைக் குறிக்கும் அலகு. ஒரு புரோட்டானின் நிறை ஏறத்தாழ ஒரு ஜி.இ.வி. ஆகும். மோதுமிடத்தைச் சூழ்ந்து நின்ற யூஏ1 கருவியின் எடை 2000 டன். பியேர் டாரியுலா தலைமையிலான யூஏ2 அதனினும் சிறியது, எளியது. ஒன்று சொல்வதை மற்றொன்று சரிபார்க்கவேண்டும் என்பதற்காகவே இரண்டு அமைந்தன.

எஞ்சியதிலிருந்து இழந்ததை அறிதல்

டபிள்யூவின் வாழ்நாளைச் சொற்களில் அடக்குவது கடினம். ஒரு நொடியைக் கோடி கோடி கோடிப் பங்காக்கி, அப்பங்கு ஒன்றை மீண்டும் பத்தாயிரமாகப் பகுத்தால் வருவது போல மூன்று மடங்கு. அதற்குள் அது சிதைந்துவிடும். மூன்றில் இரண்டு முறை அது குவார்க்குகளாகச் சிதைகிறது. சாதாரண மோதல்களிலும் குவார்க்குகளின் சிதறலே பெருகிக் கிடப்பதால் அவ்வாரவாரத்தில் இதைப் பிரித்தறிய இயலாது. ஒன்பதில் ஒரு முறை எலெக்ட்ரானும் நியூட்ரினோவுமாகச் சிதைகிறது. அதுவே தேடுவோர்க்குரிய வழி.

இங்கே ஓர் எளிய விதி துணை நிற்கிறது. மோதவரும் துகள்கள் குழாயின் நெடுக்கே ஓடுகின்றன. குறுக்குத் திசையில் அவற்றுக்கு இயக்கம் இல்லை. ஆகவே மோதிய பின்னும் குறுக்குத் திசையில் உள்ள உந்தங்களைக் கூட்டினால் சுழியே வரவேண்டும். இடப்புறம் 40 அளவில் ஓர் எலெக்ட்ரான் பாய்ந்து, வலப்புறம் ஒன்றும் இல்லையெனில், வலப்புறம் 40 அளவில் காணப்படாத ஒன்று சென்றிருக்கிறது என்பது தேற்றம். கருவியில் ஓட்டை இல்லை, ஏதும் கசிந்து போகவில்லை என உறுதி இருந்தால் மட்டுமே இத்தேற்றம் செல்லும். யூஏ1 கருவி எல்லாப் பக்கமும் மூடிக் கட்டப்பட்டதன் காரணம் இதுவே.

யூஏ1 குழுவினர் இரு வழிகளில் தேடினர். ஒரு சாரார் தனித்துப் பாயும் எலெக்ட்ரான்களைத் தேடினர். மற்றொரு சாரார் எலெக்ட்ரானை முன்வைக்காமல், ஆற்றல் குறைபடும் நிகழ்வுகளைத் தேடினர். இரு வழிகளும் ஒரே நிகழ்வுகளில் வந்து கூடின. குறைபட்ட உந்தம் எலெக்ட்ரானின் உந்தத்துக்கு நேர் எதிரே, அதே அளவில் நின்றது. கணக்கிட்ட நிறை 81 ஜி.இ.வி., பிழை எல்லை 5. கொள்கை முன்னுரைத்ததும் அதுவே. நிகழ்வுகளின் எண்ணிக்கையும் பொருந்தியது. அவ்வாற்றலில் ஏறத்தாழப் பத்துக்கோடி மோதலுக்கு ஒரு முறையே டபிள்யூ பிறந்து இவ்வழியில் சிதையும்; நூறு கோடிக்குச் சில என்பதே நேர்ந்தது.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இம்முறை அயலானதன்று. தொல்காப்பியத்தின் எச்சவியல் பத்து வகை எச்சங்களைப் பேசுகிறது. சொல்லில் வெளிப்படாதது, சொன்னவற்றால் கொள்ளப்படுகிறது. ‘அவன் வரவேண்டும் என்றுதான் நினைத்தான்’ என்றால் வரவில்லை என்பதைக் கேட்போர் தாமே நிரப்பிக்கொள்வர். நிரப்புவதில் அவர்க்கு விருப்புரிமை இல்லை என்பது கருதத்தக்கது. நின்ற சொற்களே நில்லாத சொல்லைத் தீர்மானிக்கின்றன. நின்ற சொல் தளர்ந்திருந்தால் எஞ்சிய பொருளும் தளர்ந்துபோகும். எலெக்ட்ரான் ஒழுங்காக அளக்கப்பட்டால்தான் நியூட்ரினோவைப் பற்றிப் பேச இயலும்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. 1983 பிப்பிரவரியில் யூஏ1 குழுவின் கட்டுரை அச்சேறியது. அதன் தலைப்பில் டபிள்யூ என்னும் பெயர் இல்லை. தனித்துப் பாயும் எலெக்ட்ரான்களும் உடன் குறைபடும் ஆற்றலும் காணப்பட்டன என்னும் அளவிலேயே தலைப்பு நின்றது. யூஏ2 குழுவின் தலைப்பும் அவ்வாறே. இருபதாண்டுகளாக உலகம் காத்திருந்த பெயரைத் தலைப்பில் வைக்கும் ஆசையை அவர்கள் அடக்கிக்கொண்டார்கள். கண்டது தலைப்பில் நின்றது; கருதியது உள்ளே வந்தது.

அவ்வாண்டே சூன் முதல் நாள் இசட் கண்டுபிடிப்பும் அறிவிக்கப்பட்டது. டபிள்யூவின் சிதைவில் பிறந்த எலெக்ட்ரான்களின் திசைச்சாய்வும், சுதர்சன் முதலியோர் 1957இல் வரைந்த வடிவத்துக்கு இசைந்திருந்தது. 1984இல் ரூபியாவும் வான் டெர் மீரும் நோபல் பரிசு பெற்றனர்.

வழுக்கிய இடம்

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெற்றிக்கதை மட்டுமே. 1984இல் அதே யூஏ1 குழு, அதே கருவியால், அதே முறையால் வேறு சில விந்தையான நிகழ்வுகளைக் கண்டது. ஒருபுறம் துகள்களின் பீறல் ஒன்று, எதிர்ப்புறம் வெறுமை. இம்முறை எலெக்ட்ரான் இல்லை. அறியப்படாத புதிய துகள் ஒன்று வெறுமையின் பக்கம் சென்றிருக்கவேண்டும் எனப் பலர் நம்பினர். கொள்கையாளர்கள் விளக்கக் கட்டுரைகளை விரைந்து எழுதினர். அடுத்த ஆண்டிலேயே உண்மை விளங்கலாயிற்று. முன்பே அறிந்த பல சிறு காரணங்கள், ஒவ்வொன்றும் புறக்கணிக்கத்தக்க அளவினதாயினும், ஒன்றுசேர்ந்து அத்தோற்றத்தை உண்டாக்கியிருந்தன. புதிய துகள் ஏதும் இல்லை. டாப் குவார்க்கைக் கண்டதாக அதே ஆண்டு சொல்லப்பட்டதும் நிலைக்கவில்லை. அக்குவார்க் 1995இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நிறை 1984இல் சொன்னதைப் போல நான்கு மடங்குக்கு மேற்பட்டது.

அதே மனிதர்கள், அதே கண், அதே வெறுமை. 1983இல் அந்த வெறுமை நியூட்ரினோவாக இருந்தது. 1984இல் அது கூட்டுப்பிழையாக இருந்தது. வெறுமைக்குத் தானாகப் பொருள் இல்லை. அதற்கு எதிரே நிற்பது எவ்வளவு தெளிவாக அளக்கப்பட்டது, அத்தோற்றத்தை உண்டாக்கவல்ல எளிய காரணங்கள் எத்தனை விலக்கப்பட்டன என்பவற்றால் மட்டுமே அது பொருள் பெறுகிறது. கவிதையில் விடப்படும் மௌனத்துக்கும் இது பொருந்தும். எல்லா மௌனமும் ஆழமன்று. சில மௌனங்கள் எழுதியவர் சொல்ல மறந்தவை.

நிலவும் ஏரியும் இரயிலும்

இசட்டைத் துல்லியமாக அளப்பதற்கென்றே செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்.இ.பி. என்னும் வளையம் நிலத்தடியில் அமைக்கப்பட்டது. 1989 முதல் 2000 வரை அது இயங்கியது. எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளையும் மோதவிட்டு, நான்கு உணர்கருவிகள் ஒரு கோடியே எழுபது இலட்சம் இசட் துகள்களைப் பதிவு செய்தன. 1983இல் கைவிரலால் எண்ணியவை இவை.

கற்றையின் ஆற்றலை நுட்பமாக அறிந்தால்தான் இசட்டின் நிறையை நுட்பமாகச் சொல்ல இயலும். அவ்வாறு அளந்தபோது ஆற்றல் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை சிறிது மாறுவது தெரிந்தது. காரணங்களைத் தேடிச் சென்றவர்கள் எதிர்பாராத இடங்களில் சென்று சேர்ந்தனர். முதலாவது நிலவு. கடலில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் நிலவின் ஈர்ப்பு கெட்டியான நிலத்தையும் சற்றே உயர்த்தித் தாழ்த்துகிறது. அதனால் 27 கிலோமீட்டர் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மாறியது. இரண்டாவது ஜெனீவா ஏரி. ஏரியின் நீர்மட்டம் பருவந்தோறும் மாறுகையில் நீரின் பாரத்தால் நிலம் நெளிந்தது. மூன்றாவது, ஜெனீவாவிலிருந்து பாரிசு செல்லும் மின்சார இரயில். தண்டவாளத்திலிருந்து கசிந்த மின்னோட்டம் நிலத்தின் வழியே முடுக்கியின் குழாயை அடைந்து காந்தங்களைத் தொட்டது. இரயில்கள் ஓடாத நள்ளிரவுக்குப் பிந்திய வேளைகளில் அந்தச் சலனமும் ஓய்ந்திருந்தது.

நிலவையும் ஏரியையும் இரயிலையும் கழித்த பின்னர் கிடைத்த நிறை 91.1876 ஜி.இ.வி. பிழை எல்லை 0.0021. ஓரிலட்சத்தில் இரண்டு பங்கு ஐயம் மட்டுமே எஞ்சியது. கவிஞர்கள் நிலவைப் பாடியிருக்கிறார்கள். நிலவைப் பிழையாகக் கண்டு, அதன் அளவை அறிந்து, கழித்துவிட்டு எழுதியவர்கள் இவர்கள். ஆயினும் கழிப்பதற்கு முன் அதன் இருப்பை ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது.

இவ்வளவையிலிருந்து மற்றோர் அரிய செய்தியும் கிடைத்தது. இசட் ஐந்தில் ஒரு முறை நியூட்ரினோ இணையாகச் சிதைந்து தடமின்றிப் போகிறது. நியூட்ரினோ வகைகள் பெருகப் பெருக அதன் வாழ்நாள் குறையும். வாழ்நாளை அளந்து, கண்ட சிதைவுகளைக் கழித்து, காணாதவற்றின் வகைகளை எண்ணினார்கள். விடை 2.984, பிழை எல்லை 0.008. அதாவது மூன்று. எவர் கண்ணிலும் படாத துகள்கள் இத்தனை வகை என்று எண்ணிச் சொன்ன கணக்கு இது.

எண்ணுதலும் அளத்தலும்

அதே சுரங்கத்தில் இன்று இயங்குவது பெரிய ஹாட்ரான் மோதுவி. 2010இல் 7000 ஜி.இ.வி. ஆற்றலில் மோதல்களைத் தொடங்கி, 2015இல் 13000ஐ எட்டியது. இங்கே டபிள்யூ அரிய பொருளன்று. உச்ச நிலையில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிறக்கிறது. இப்போது கேட்கப்படும் வினா, அது உண்டா என்பதன்று. எத்தனை உண்டாகிறது என்பதே.

எண்ணுவது எளிது எனத் தோன்றும். கருவி காட்டிய எண்ணிக்கையிலிருந்து போலிகளைக் கழிக்கவேண்டும். கருவி தவறவிட்டவற்றைக் கூட்டவேண்டும். கருவியின் பார்வைக்கே வராமல் குழாயோடு போனவற்றைக் கொள்கையின் துணையால் மதிப்பிடவேண்டும். இறுதியாக, மொத்தம் எத்தனை மோதல் வாய்ப்புகள் இருந்தன என்பதை அறிந்து வகுக்கவேண்டும். இக்கடைசிப் பணிக்கு உதவும் முறையும் வான் டெர் மீர் 1968இல் வகுத்ததே. இரு கற்றைகளையும் சிறிது சிறிதாக விலக்கி, மோதல் எண்ணிக்கை எவ்வாறு குறைகிறது எனப் பார்த்துக் கற்றைகளின் பருமனை அறிவது அம்முறை. கண்டுபிடிப்பை இயலச் செய்தவரே அளவைக்கும் கோல் தந்தவர்.

விடையைச் சொல்லும் அலகின் பெயர் ‘பார்ன்’. ஆங்கிலத்தில் அச்சொல் தானியக் கொட்டகையைக் குறிக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், யுரேனிய அணுக்கரு கொட்டகைச் சுவர் போல எளிதில் அடிபடும் பெரிய இலக்கு என வேடிக்கையாகப் பேசிக்கொண்டதில் பிறந்த பெயர். அதன் நூறு கோடியில் ஒரு பங்கு நானோபார்ன். 13000 ஜி.இ.வி. மோதலில் டபிள்யூ பிறந்து எலெக்ட்ரானும் நியூட்ரினோவுமாகச் சிதைவதன் அளவு ஏறத்தாழ 20 நானோபார்ன். இசட் பிறந்து எலெக்ட்ரான் இணையாகச் சிதைவது ஏறத்தாழ 2 நானோபார்ன். ஒன்றுக்குப் பத்து என்னும் இவ்விகிதத்தைக் கொள்கையும் முன்னுரைக்கிறது.

நேர்மின் டபிள்யூ நான்கு பிறந்தால் எதிர்மின் டபிள்யூ ஏறத்தாழ மூன்றே பிறக்கிறது. புரோட்டானுக்குள் ‘அப்’ குவார்க் இரண்டும் ‘டவுன்’ குவார்க் ஒன்றும் இருப்பதே காரணம். பிறந்தவற்றை எண்ணினால் பெற்றதன் உள்ளமைப்பு தெரிகிறது. எனவே இவ்வளவைகள் இன்று புரோட்டானின் உட்புறத்தைப் பார்க்கும் சாளரமாகவும் பயன்படுகின்றன. 2012இல் ஹிக்ஸ் போசானைக் கண்டபோதும் இசட் இணைகளும் டபிள்யூ இணைகளும் அதற்குச் சான்றாக நின்றன. 1983இல் தேடப்பட்டவை 2012இல் தேடுவதற்குக் கருவியாயின.

தீராத வேறுபாடு

இன்னும் முடிவு பெறாத ஒரு செய்தி உண்டு. ஃபெர்மி ஆய்வகத்தின் டெவட்ரான் மோதுவி 2011இல் ஓய்வு பெற்றது. அதன் சி.டி.எஃப். குழுவினர் தாம் பதிவு செய்த நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட டபிள்யூ நிகழ்வுகளை மேலும் பத்தாண்டு ஆராய்ந்தனர். தம் விருப்பம் விடையைச் சாய்த்துவிடக்கூடாது என்பதற்காக, அறியாத ஓர் எண்ணைக் கணக்கில் கூட்டி விடையைத் தங்களிடமிருந்தே மறைத்து வைத்தனர். ஆய்வுமுறை முழுதும் உறுதியான பின்னரே திரையை விலக்கினர். 2022 ஏப்பிரலில் வெளியிட்ட விடை 80.4335 ஜி.இ.வி., பிழை எல்லை 0.0094. கொள்கை எதிர்பார்ப்பது ஏறத்தாழ 80.357. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆயினும் பிழை எல்லையைப் போலப் பல மடங்கு பெரியது. அது உண்மையானால் அரை நூற்றாண்டாக நிலைபெற்ற கொள்கையில் விரிசல் உண்டு என்பதே பொருள்.

2024இல் செர்னின் சி.எம்.எஸ். குழு, ஏறத்தாழ அதே நுட்பத்துடன் அளந்து 80.3602 என்றது, பிழை எல்லை 0.0099. அட்லஸ் குழுவின் அளவும் அதன் அருகிலேயே நிற்கிறது. கொள்கையோடு இவை இசைகின்றன; சி.டி.எஃப். அளவோடு இசையவில்லை. இரு தரப்பும் கவனமாகவே அளந்தன. இரண்டும் ஒருங்கே சரியாக இருக்க இயலாது. எங்கே பிழை என்பதை எவரும் இதுவரை சுட்டிக்காட்டவில்லை.

பெரும்பான்மை ஒரு பக்கம் என்பதால் மற்றதைத் தள்ளிவிடலாம் எனத் தோன்றும். அவ்வாறு தள்ளப்படவில்லை. அவ்வெண் ஏட்டில் நிற்கிறது. அளந்த முறை முழுதும் எழுதப்பட்டிருக்கிறது. எவரும் சரிபார்க்கலாம். வேண்டிய விடை வராதபோதும் வந்த விடையை அதன் பிழை எல்லையோடு வெளியிடுவது எளிய செயலன்று. பத்தாண்டு உழைப்பும் பலநூறு பேரின் நற்பெயரும் அந்த ஓரெண்ணின் மேல் நிற்கின்றன.

நிறைவாக

காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லும் உரிமை எப்போது வருகிறது என்பது தொடக்கத்தில் எழுந்த வினா. இவ்வரலாறு மூன்று நிபந்தனைகளைக் காட்டுகிறது. கண்ணெதிரே நிற்பதை முதலில் செம்மையாக அளக்கவேண்டும். அத்தோற்றத்துக்குரிய எளிய காரணங்களை, நிலவாயினும் இரயிலாயினும், தேடிக் கழிக்கவேண்டும். எஞ்சியதைச் சொல்லும்போது தன் ஐயத்தின் அளவையும் உடன் சொல்லவேண்டும். 1983இல் இவை நிறைந்திருந்தன. 1984இல் இரண்டாவது குறைந்தது. 2022இல் மூன்றும் முயலப்பட்டன. ஆயினும் விடை இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது.

கவிதைக்குப் பிழை எல்லை எழுதும் வழக்கம் இல்லை. ஆனால் எழுதுகிறவரின் நெஞ்சில் அது இருக்கலாம். அடுத்தவர் துயரைப் பாடும்போது, நேரில் கண்டது எவ்வளவு, கருதிச் சேர்த்தது எவ்வளவு எனத் தன்னையே வினவிக்கொள்ளும் கவிஞர், இவ்வளவையாளரின் உடன்பிறப்பே. அவ்வினா கவிதையை மெலிவிக்காது. நின்ற சொல்லை அது உறுதியாக்கும். நில்லாத சொல் அதன்மேல் ஊன்றி நிற்கும்.

பத்தாண்டுக் காலம் ஒருவர் எழுத்தை மற்றொருவர் படித்து, பாராட்டியும் திருத்தியும் வந்திருக்கிறது இந்த வட்டம். யூஏ1 சொன்னதை யூஏ2 சரிபார்த்தது போன்ற பணி அது. அப்பணி மேலும் தொடர்க. வட்டம் வாழ்க, வளர்க.